160 வருஷப் பழைய ஸ்டீரியோஸ்கோப் பெட்டி: பார்வையாளர் கையில் கொடுக்கலாமா, கண்ணாடிக்குள் பூட்டலாமா?

ஊசித்துளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது இங்கிலாந்தின் தென்மேற்கில் ஒரு சிறிய ஊர். இங்குள்ள அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமைகளில் தன்னார்வலனாகப் போகிறேன். கிடங்கில் கிடந்த ஒரு மேசை ஸ்டீரியோஸ்கோப்பைச் (கண்ணுக்கு ஒன்றாக வைத்த இரண்டு படங்களை ஒன்று சேர்த்து ஆழத்தோடு காட்டும் கருவி) சரிசெய்யும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அடுத்த கோடையில் பழைய புகைப்படக்கலை பற்றி ஒரு கண்காட்சி. வருகிறவர்கள் குனிந்து பார்த்து, தாங்களே குமிழைத் திருப்பிப் படம் மாற்ற வேண்டும் என்று பொறுப்பாளர் ஆசைப்படுகிறார்.

கையில் பிடித்துப் பார்க்கும் சாதாரண வகை இல்லை இது. அரை மீட்டர் உயரமுள்ள வால்நட் மரப் பெட்டி. முன்னால் ஒரு ஜோடி லென்ஸ், பின்னால் ஒரு ஜோடி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் பார்க்கலாம். உள்ளே துணிப்பட்டையில் வரிசையாகக் கோத்த கம்பிச் சட்டங்கள். ஒரு சட்டத்துக்கு இரண்டு அட்டை, முதுகோடு முதுகாக. பக்கவாட்டுக் குமிழைத் திருப்பினால் ஒன்று இறங்கி அடுத்தது மேலே வரும். மூடியின் உள்பக்கத்தில் ஒரு முகக்கண்ணாடி. மூடியைச் சாய்த்து வைத்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுப் படத்தின் மேல் விழும். அலெக்சாண்டர் பெக்கர்ஸ் 1857-இல் நியூயார்க்கில் காப்புரிமை வாங்கினாரே, அந்த வகை. செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

துணிப்பட்டை மக்கிப்போய், தொட்டால் பொடியாகிறது. சட்டங்கள் சில வளைந்திருக்கின்றன. ஒரு பக்க வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு) உரிந்து நிற்கிறது. பித்தளைக் குமிழ் கறுத்திருக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை, முன்பக்க லென்ஸ் வழியாகப் பார்த்தால் இரண்டு படமும் ஒன்று சேரவே இல்லை. கண்ணை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டாகவே நிற்கிறது, தலைவலிதான் மிச்சம். பின்பக்க ஜோடியில் இந்தப் பிரச்சினை கிடையாது. முன்பு எப்போதோ யாரோ திறந்து வேலை பார்த்த அடையாளமாக, முன்பக்கத்தில் மட்டும் புது ஸ்க்ரூ இருக்கிறது.

பார்ப்பதற்காகச் செய்த கருவியைப் பார்க்க முடியாத இடத்தில் வைத்தால் அது வெறும் மரப்பெட்டி என்பது என் கட்சி. அருங்காட்சியகத்திலேயே இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. லென்ஸ் பற்றியும் இந்தக் கேள்வி பற்றியும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒளியியல்_வாத்தியார் எழுதியது:

லென்ஸ் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பக்க லென்ஸைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

இவை முழு வட்ட லென்ஸ் இல்லை. சார்லஸ் வீட்ஸ்டோன் 1838-இல் ராயல் சொசைட்டியில் விளக்கிய கருவியில் லென்ஸே தேவைப்படவில்லை, இரண்டு கண்ணாடிகளைச் சாய்த்து வைத்தார். லென்ஸ் வைத்த பெட்டியை 1849 வாக்கில் கொண்டுவந்தவர் டேவிட் ப்ரூஸ்டர். அவர் ஒரு லென்ஸை இரண்டாக வெட்டி, ஆளுக்கொரு பாதியாக இரண்டு கண்ணுக்கும் வைத்தார். வெட்டிய பாதி பட்டகம் (ப்ரிஸம்) போல ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பவும் செய்யும், உருப்பெருக்கவும் செய்யும்.

பட்டகம் எதற்கு? பெரியவர்களுக்குக் கண்மணிகளின் இடைவெளி ஏறக்குறைய 63 மில்லிமீட்டர். அட்டையில் இரண்டு படங்களின் நடுப்புள்ளிகளோ அதைவிட அதிகத் தூரத்தில் இருக்கும், 75 அல்லது 80 மில்லிமீட்டர் வரை போகும். நம் கண்கள் உள்பக்கம் திரும்பும், நேராகப் பார்க்கும், ஆனால் இரண்டும் ஆளுக்கொரு வெளிப்பக்கமாக விரியாது. அந்த விரிதலைக் கண்ணுக்குப் பதில் லென்ஸ் செய்து கொடுக்கிறது. அதற்கு லென்ஸின் தடித்த விளிம்பு வெளிப்பக்கமும் மெல்லிய விளிம்பு மூக்குப் பக்கமும் இருந்தாக வேண்டும். மாற்றிப் போட்டால் உதவிக்கு வந்த பட்டகமே எதிராக வேலை செய்யும். நீங்கள் எத்தனை மணி நேரம் முறைத்தாலும் படம் சேராது.

கழற்றுவதற்கு முன் விரலால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அளவெடுக்கவே தேவையில்லை, கைக்கே தெரியும்.

பித்தளைப்_பைத்தியம் எழுதியது:

அருமையான பொருள் சார். குமிழுக்குப் புளியும் உப்பும் போதும். அடம்பிடித்தால் பிராஸோ, அந்தப் பித்தளைப் பாலிஷ். ஐந்து நிமிடத்தில் தங்கம் மாதிரி மின்னும், படம் போடுங்கள்.

காப்பறை எழுதியது:

ஐயோ, தயவுசெய்து வேண்டாம். நான் சென்னையில் அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன், புளி போட்டுத் துலக்கிய பொருட்கள் நிறைய எங்களிடம் வந்து சேர்கின்றன.

அந்தக் காலத்துக் கருவிப் பித்தளை சும்மா பளபளக்கவில்லை. மேலே மெல்லிய அரக்குப் பூச்சு கொடுத்திருப்பார்கள், அந்த இளம்பொன் நிறம் அதனுடையது. பிராஸோவில் தேய்ப்புத் தூள் இருக்கிறது. ஒரு தடவை தேய்த்தால் பூச்சு போய்விடும். பிறகு மாதா மாதம் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் போகும், திருகின் வரிப்பள்ளங்களில் வெள்ளை மாவு அடைந்து நிற்கும். புளியின் அமிலம் இடுக்கில் தங்கினால் அதைவிட மோசம். கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும். மென்மையான தூரிகை, தேவையென்றால் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி, உடனே உலர்த்தல். அவ்வளவுதான்.

இன்னொரு எச்சரிக்கை. மூடியிலிருக்கும் முகக்கண்ணாடி 1860-களில் போட்டதாக இருந்தால் அதன் பின்பூச்சு வெள்ளியாகவும் இருக்கலாம், தகரமும் பாதரசமும் கலந்த பழைய முறையாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் இரண்டுமே புழக்கத்தில் இருந்தன. கீழ் ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளி நிற மணிகள் (பாதரசத் துளிகள்) உருண்டு கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், வெறுங்கையால் துடைக்கவே துடைக்காதீர்கள்.

உங்கள் பெரிய கேள்விக்கு என் பதில் வேறு, பிறகு எழுதுகிறேன்.

தச்சன்_மகன் எழுதியது:

மர வேலைக்கு நான் இருக்கிறேன் அண்ணா. நாகர்கோவில். மூன்று தலைமுறை மேசை நாற்காலி வேலை.

உரிந்த வெனீருக்கு ஃபெவிகால் போட்டுவிடாதீர்கள். அது பிடித்தால் பிடித்ததுதான், நாளைக்கு இன்னொருத்தன் திறக்க நினைத்தால் மரத்தோடு வரும். பழைய பெட்டி முழுக்க வஜ்ஜிரத்தில்தான் (தோல், எலும்பு காய்ச்சிய பசை) ஒட்டியிருப்பார்கள். அதுவே நல்லது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இளகும், சூடாக்கி மறுபடி ஒட்டலாம். உரிந்த இடத்தில் பழைய வஜ்ஜிரம் இன்னும் இருந்தால், ஈரத்துணி வைத்து மேலே இஸ்திரிப் பெட்டியை மெதுவாகக் காட்டினால் சில சமயம் அதுவே உயிர் பெற்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் பாலிஷ் மேல் நேராகச் சூடு படக்கூடாது, வெளுத்துப் போகும்.

பாலிஷ் அரக்கா என்று தெரிய, அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத மூலையில் பஞ்சில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பாருங்கள். ஒட்டுகிற மாதிரி இளகினால் அரக்கு. அப்படியானால் ஒரு விஷயம் இப்போதே சொல்லிவிடுகிறேன், கண்காட்சியில் யாராவது கிருமிநாசினி போட்டுத் துடைக்க ஆரம்பித்தால் ஒரே வாரத்தில் கண் வைக்கும் இடத்தில் பாலிஷ் போய் மரம் தெரியும். ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது ஸ்பிரிட்டிலேயே போய்விடும்.

ஊசித்துளை எழுதியது:

வாத்தியார் சார், நீங்கள் சொன்னதுதான். முன்பக்கத்தில் தடித்த விளிம்பு மூக்குப் பக்கம் இருந்தது. இடமும் வலமும் மாற்றிப் போட்டதும் படம் சட்டென்று சேர்ந்தது. லண்டன் சிடன்ஹாமில் இருந்த கிரிஸ்டல் பேலஸின் உள்கூடம், இரும்புத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருக்கின்றன. அந்தக் கட்டடம் 1936-இல் எரிந்துபோனது. நேரில் பார்க்க வழியில்லாத இடத்துக்குள் நின்றது மாதிரி இருந்தது.

முகக்கண்ணாடியின் ஓரத்தில் மணிகள் எதுவும் இல்லை. ஆனாலும் அதைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, அதே அளவில் புதுக் கண்ணாடி போடலாம் என்றிருக்கிறோம்.

இப்போது புதுக் குழப்பம். சில அட்டைகளில் எல்லாம் நேர்மாறாகத் தெரிகிறது. முன்னால் நிற்க வேண்டிய சிலை சுவருக்குள் குழி வெட்டின மாதிரி இருக்கிறது, பின்னாலிருக்கும் சுவர் மூக்குக்கு நேரே வருகிறது. இதுவும் லென்ஸ் கோளாறா?

ஒளியியல்_வாத்தியார் எழுதியது:

இல்லை, இது அட்டை ஒட்டியவர் கோளாறு. இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். இரட்டை லென்ஸ் கேமராவில் ஒவ்வொரு படமும் தலைகீழாக விழும். அந்த நெகடிவை அப்படியே ஒரே தாளில் அச்செடுத்து நேராகத் திருப்பினால் இடது வலதாகி, வலது இடதாகிவிடும். அதனால் அச்சை நடுவில் வெட்டி இடம் மாற்றி ஒட்ட வேண்டும். அவசரத்தில் மறந்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள்.

கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். படத்தில் அருகிலிருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக ஒட்டியிருந்தால் அது இடது படத்தில், பின்னணியோடு ஒப்பிடும்போது, சற்று வலப்பக்கம் தள்ளி இருக்கும். இடக்கண்ணை மூடி வலக்கண், வலக்கண்ணை மூடி இடக்கண் என்று மாற்றி மாற்றி உங்கள் கட்டைவிரலைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

வார்சா_வாசி எழுதியது:

தாமதமாக வருகிறேன். கண்ணாடிக்குள்ளா கையிலா என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு பதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வார்சாவில் யெரோசோலிம்ஸ்கியே சாலையில் 51-ஆம் எண் கட்டடத்தின் முற்றத்துக்குள் போனால் ஃபோட்டோபிளாஸ்டிகான் இருக்கிறது. 1905-லிருந்து அங்கேயே இருக்கிறது. அறை நடுவில் பெரிய மர உருளை. சுற்றிலும் 18 பேர் உட்கார இடம், ஆளுக்கு ஒரு ஜோடிக் கண்துளை. உள்ளே 48 இரட்டைப் படங்கள் சுற்றி வருகின்றன. நீங்கள் எதையும் திருப்ப வேண்டாம். கொஞ்ச நேரம் ஒரு படம், பிறகு இயந்திரம் கரகரவென்று நகர்ந்து அடுத்த படம். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் தலைமறைவு இயக்கத்தினர் சந்தித்துக்கொள்ளும் இடமாகவும் இருந்தது. இருட்டு அறையில் எல்லோரும் முகத்தைப் பெட்டியில் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள்! 2008-இல் வார்சா எழுச்சி அருங்காட்சியகம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

இதன் மூலம் ஜெர்மனி. ஆகஸ்ட் ஃபூர்மன் என்பவர் 1880-இல் பிரெஸ்லாவில், இன்றைய விராட்ஸ்வாஃபில், முதல் கைசர்பனோரமாவைத் திறந்தார். 1883-இல் பெர்லினுக்குப் போனார். அதில் 25 இருக்கை, படம் மாறுவதற்கு முன் ஒரு மணி அடிக்கும். 1910 வாக்கில் ஐரோப்பாவில் 250 ஊர்களுக்குப் பக்கமாகக் கிளைகள் இருந்தன. படங்கள் எல்லாம் கண்ணாடித் தகட்டில், பெரும்பாலும் கையால் வண்ணம் தீட்டியவை. மத்திய தரைக்கடல், ஆல்ப்ஸ், அரச குடும்ப விழா, போர்க்களம் என்று வாரத்துக்கு வாரம் புதுத் தொகுப்பு ரயிலில் வந்து இறங்கும். அப்புறம் சினிமா வந்தது, கதை முடிந்தது. பெர்லின் மெர்கிஷெஸ் அருங்காட்சியகத்தில் ஒன்று உண்டு, ஆனால் அந்தக் கட்டடம் 2023-லிருந்து சீரமைப்புக்காக மூடியிருக்கிறது, போவதானால் விசாரித்துவிட்டுப் போங்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஃபோட்டோபிளாஸ்டிகானுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், தாத்தா பாட்டிகள் வருகிறார்கள். அது கண்ணாடிக்குள் இருந்திருந்தால் இதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். பழுது பார்க்கும் கை பழக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

காப்பறை எழுதியது:

வார்சா நல்ல உதாரணம்தான், ஆனால் ஊசித்துளையின் பெட்டிக்கு அது முழுசாகப் பொருந்தாது. ஃபோட்டோபிளாஸ்டிகான் பொது இடத்தில் காசு வாங்கிக்கொண்டு ஊருக்கே காட்டக் கட்டிய இயந்திரம். தடித்த உருளை, பார்ப்பவன் கை படாத இயக்கம். பெக்கர்ஸ் பெட்டி ஒரு வீட்டு வரவேற்பறைக்காகச் செய்தது. மாலையில் குடும்பத்தார் நாலு பேர் பக்குவமாகத் திருப்புவார்கள் என்று நம்பிச் செய்த குமிழ். கோடை விடுமுறையில் ஒரே நாளில் வரும் கூட்டம் அதை எத்தனை தடவை, எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கமாகத் திருப்பும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அச்சுத் துளை (குமிழின் அச்சுத்தண்டு சுழலும் மரத் துளை) கொஞ்சம் தேயும். தேய்ந்த மரத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

அதைவிட முக்கியம் படங்கள். 1860-களின் அட்டை என்றால் பெரும்பாலும் அல்புமின் அச்சு, முட்டை வெள்ளைக் கருவில் வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி வெளுக்கும், வெளுத்தது திரும்பாது. எங்கள் வழக்கத்தில் 50 லக்ஸுக்கு (வெளிச்ச அளவு) மேல் காட்டுவதில்லை, அதுவும் சில மாதங்கள்தான். இந்தப் பெட்டியிலோ படத்தின் மேல் வேண்டுமென்றே வெளிச்சத்தைக் குவிக்கிறீர்கள். போதாக்குறைக்கு, கம்பிச் சட்டத்தில் ஏறி இறங்கும்போது அட்டையின் ஓரம் உரசும்.

நான் சொல்வது: பெட்டியைச் சரிசெய்து, மூடி திறந்து, உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடிக்குள் வையுங்கள். பக்கத்தில் அதே மாதிரி ஒரு நகல் பெட்டி, அதை யார் வேண்டுமானாலும் உருட்டட்டும்.

ஊசித்துளை எழுதியது:

அக்கா, படங்களைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. மூல அட்டை ஒன்றுகூடப் பெட்டிக்குள் போகாது, நகல்தான். ஆனால் பெட்டியைப் பொறுத்தவரை நான் பிடிவாதமாக இருக்கிறேன். துணிப்பட்டை எப்படியும் புதிது. பருத்தி நாடா, முன்கூட்டியே நனைத்துச் சுருக்கி, ஒட்டாமல் தையல் போட்டது. கண்ணாடி புதிது. தேயப்போவது அச்சு மட்டும்தான், அதற்கும் ஒரு யோசனை இருக்கிறது. பழைய குமிழைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, தோல் வாஷர் வைத்த ஒரு புதுக் குமிழ். ஓர் அளவுக்கு மேல் முறுக்கினால் வழுக்கிச் சுற்றும், உள்ளே விசை போகாது. அச்சுத் துளையில் மெல்லிய பித்தளைக் குழல் ஒன்றைச் செருகினால் மரம் மரத்தோடு உரசாது. எல்லாமே கழற்றி எடுக்கக்கூடியவை. போட்ட ஒவ்வொன்றிலும் இந்த வருடத்தை மறைவாகப் பொறித்துவிடுவோம், நாளைக்கு வருகிறவர் எது பழசு எது புதுசு என்று குழம்ப வேண்டாம்.

நகல் பெட்டி என்றால் வருகிறவர்கள் நகலைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த மரத்தின் வாசனை, மூடி இறங்கும் கனம், சட்டம் மேலே வந்து டக்கென்று நிற்கும் அதிர்வு எல்லாம் புதுப் பெட்டியில் வராது.

பழைய_சாமான் எழுதியது:

இந்த மாதிரிப் பெட்டி இப்போது எவ்வளவுக்குப் போகும்? என் மாமாவிடம் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நெறியாளர் எழுதியது:

விலை விசாரணைக்குத் தனி இழை உண்டு, அங்கே கேளுங்கள். இங்கே பழுதுபார்ப்பு மட்டும்.

கோண்டாவில் எழுதியது:

நான் டொராண்டோ. வேலை ஆஸ்பத்திரியில், கண் பிரிவு. இரண்டு விஷயம் சொல்லுகிறேன்.

முதலாவது, நூற்றில் சில பேருக்கு இந்தப் படம் எப்படிப் பார்த்தாலும் ஆழமாகத் தெரியாது. மாறுகண், சிறு வயதில் ஒரு கண் பார்வை பின்தங்கியது, இப்படிப் பல காரணம். தங்களுக்கு அப்படி இருக்கிறதென்றே சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியாது. அவர்கள் உங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு "பழுது, ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லுவினம். வரிசையில் நிற்பவர்கள் முன்னால் அவர்களைக் கூச்சப்பட வைக்காமல், பக்கத்தில் ஒரு சின்னப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகள். சின்னப் பிள்ளைகளின் கண் இடைவெளி 50 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், உங்கள் லென்ஸோ அசையாமல் பெரியவர்களுக்கு நிற்கிறது. உயரமும் எட்டாது. ஸ்டூல் போட்டால் விழுந்தெழும்புவினம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் இதே கரைச்சல். மேசையைத் தாழ்வாக வைத்துப் பெரியவர்கள் குனியட்டும். எங்கட வீட்டில் ஒரு வியூ மாஸ்டர் (இதே மாதிரிப் படம் பார்க்கிற விளையாட்டுச் சாமான்) இருந்தது, அதற்காகப் பிடித்த சண்டை இன்னும் ஞாபகம். பிள்ளைகளுக்குத் தனியாகக் கையில் பிடிக்கிற ஒன்று இருந்தால் பெட்டியும் தப்பும்.

ஊசித்துளை எழுதியது:

மிக்க நன்றி, இது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளுக்குக் கையில் பிடிக்கும் வகையில் சில வாங்கலாம். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் வடிவமைத்த அந்த எளிய மாதிரிக்கு அவர் காப்புரிமையே வாங்கவில்லை, அதனால்தான் ஊரெல்லாம் அதைச் செய்து தள்ளினார்கள். இப்போதும் மரத்தில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மடித்து வைக்கும் பிளாஸ்டிக் வகை வேண்டுமென்றால் குயின் இசைக்குழுவின் பிரையன் மே வடிவமைத்த 'ஆவ்ல்' இருக்கிறது. மனிதர் பெரிய ஸ்டீரியோ பைத்தியம். 1854-இல் தொடங்கி மூடிப்போன லண்டன் ஸ்டீரியோஸ்கோபிக் கம்பெனியின் பெயரையே மறுபடி உயிர்ப்பித்தவர்.

தச்சன்_மகன் எழுதியது:

கண் வைக்கும் இடத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் அண்ணா? மூக்கு எண்ணெய், சன் கிரீம், முகப் பவுடர் எல்லாம் அங்கேதான் படியும். துடைக்கவும் கூடாது, துடைக்காமல் விடவும் கூடாது.

காப்பறை எழுதியது:

அதற்கு வழி இருக்கிறது. கண்கூட்டின் மேல் தொப்பி மாதிரி மாட்டிக் கழற்றும் ஓர் உறை செய்யுங்கள், கறுப்பு சிலிக்கோன் அல்லது கறுப்பு அக்ரிலிக். உள்பக்கம் மெல்லிய பஞ்சுத் துணி ஒட்டினால் அரக்கில் கீறல் விழாது. கழற்றி எடுத்துக்கொண்டு போய் எதில் வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளலாம். இரண்டு செட் இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். லென்ஸுக்கு முன்னால் ஒரு சமதளக் கண்ணாடியும் அந்த உறையிலேயே வைத்துவிட்டால் விரல் ரேகை பழைய லென்ஸில் விழாது.

விளக்கு வைப்பதானால் மரத்தில் ஒரு ஸ்க்ரூகூடப் போடாதீர்கள். மூடியில் கவ்விப் பிடிக்கும் சட்டத்தில் சூடாகாத எல்.இ.டி. பட்டை, மின்மாற்றி பெட்டிக்கு வெளியே.

பார்த்தீர்களா, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உதவி செய்துகொண்டிருக்கிறேன். என் கருத்து மாறவில்லை, சொல்லிவிட்டேன்.

ஒளியியல்_வாத்தியார் எழுதியது:

எந்தப் படங்களைப் போடப் போகிறீர்கள்? கிரிஸ்டல் பேலஸ் மட்டும்தானா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் திருச்சி. லின்னேயஸ் டிரைப் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்தபோது மதுரை, திருச்சி, தஞ்சைப் பகுதிகளை இரட்டைப் படமாகவும் எடுத்தார். 1858-இல் அவை தொகுப்பாக வெளிவந்தன. அவர் டெவன்போர்ட்டில் பிறந்தவர், உங்கள் தென்மேற்கு இங்கிலாந்துக்காரர்தான். செலவு அதிகம் என்று கவர்னர் ட்ரெவெல்யன் அந்தப் படப்பிடிப்பு வேலையையே நிறுத்திவிட்டார். மலைக்கோட்டையைத் தட்டையான படத்தில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம், பாறையின் முன்னும் பின்னும் பிரிந்து தெரிய ஒருவர் 1858-லேயே வழி செய்திருக்கிறார். உங்கள் பெட்டியும் ஏறக்குறைய அதே வயது.

ஊசித்துளை எழுதியது:

டிரைப் டெவன்போர்ட்டா! இது போதும், பொறுப்பாளரைச் சம்மதிக்க வைத்துவிடுவேன். மூலத்தை வைத்திருக்கும் நூலகத்திடம் ஸ்கேன் கேட்டு எழுதுகிறேன். மற்றபடி எங்கள் அட்டைகளில் ஆல்ப்ஸ், பாரிஸ், உள்ளூர்த் துறைமுகம் என்று கலவையாக இருக்கிறது. இடைவெளி நிரப்ப நியூயார்க் பொது நூலகத்தின் ராபர்ட் டென்னிஸ் தொகுப்பு இருக்கிறது, பல்லாயிரம் அட்டைகளை வலையில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள்.

பாரிஸ் அட்டைகளில் சில மெல்லிய தாள் வகை. முன்னால் வெளிச்சம் விழுந்தால் கறுப்பு வெள்ளைப் பகல். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் தாளின் முதுகில் பூசிய வண்ணம் ஊடுருவி, ஊசியால் குத்திய துளைகளில் விளக்குகள் எரிகின்றன, அதே தெரு இரவாகிவிடுகிறது. பெட்டியில் இவற்றைப் போட முடியாது, முதுகில் இன்னொரு அட்டை இருந்தால் வெளிச்சம் எப்படி வரும்? தனியாக ஒரு விளக்குப் பலகையில் காட்டலாம்.

மாற்றி ஒட்டிய அட்டைகளை வெட்டுவதாக இல்லை. நகலில் மட்டும் சரிசெய்கிறோம். ஒன்றே ஒன்றைத் தப்பாகவே விட்டுவைக்கலாம் என்று எனக்கு ஆசை, சிலை குழிவாகத் தெரிந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. இப்படி முடிவாகியிருக்கிறது: சனி, ஞாயிறு மட்டும், பக்கத்தில் ஒரு தன்னார்வலர் நிற்கும்போது, மூலப் பெட்டியைப் பார்வையாளர் திருப்பலாம். மற்ற நாட்களில் மூடி திறந்து கண்ணாடிக்குள். கையில் பிடிக்கும் ஆறு கருவிகள் எல்லா நாளும் மேசையில் இருக்கும். ஒரு பருவம் முடிந்ததும் அச்சுத் துளையை அளந்து பார்த்து, தேய்மானம் தெரிந்தால் நிறுத்திவிடுவோம்.

காப்பறை எழுதியது:

அளப்பதை இப்போதே தொடங்குங்கள், திறப்பு விழாவுக்கு முன். முதல் அளவு இல்லாமல் பருவ முடிவில் எதோடு ஒப்பிடுவீர்கள்? சட்டங்கள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து எண் போடுங்கள். மக்கிய பழைய துணிப்பட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அமிலமில்லாத தாளில் சுற்றி, பழைய குமிழ், கண்ணாடியோடு ஒரே பெட்டியில் வையுங்கள்.

வார்சா_வாசி எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. நகல் அட்டையை இன்க்ஜெட்டில் அடிக்கப் போகிறீர்களா? லென்ஸ் உருப்பெருக்கும், மைப்புள்ளி மணல் மாதிரி தெரியும். நான் வீட்டில் செய்து பார்த்தபோது வானம் முழுக்கப் பொரிந்து கிடந்தது.

ஒளியியல்_வாத்தியார் எழுதியது:

சரியான கேள்வி. ரசாயனக் காகிதத்தில் அச்சிடும் போட்டோ லேப் எதிலாவது கொடுங்கள், அதில் புள்ளி இருக்காது. பளபளப்புத் தாள் வேண்டாம், மூடிக் கண்ணாடியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும், மேட் போதும். அட்டை சுமார் ஏழு அங்குல நீளம், மூன்றரை அங்குல உயரம். அச்சிடும்போது லேப்காரர் "தானாகப் பொருத்து" என்று அழுத்தினால் அளவு மாறிப் படங்களின் இடைவெளியும் மாறிவிடும், அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

டென்னிஸ் தொகுப்பிலிருந்து எடுக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். 1880-களிலிருந்து அண்டர்வுட் போன்ற கம்பெனிகள் அட்டையை லேசாக வளைத்தே செய்தன. ஸ்கேனில் அது தெரியாது, ஆனால் ஓரங்களில் படம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். நீங்கள் ஒட்டுவது தட்டை அட்டையில்தான், வளைந்த அட்டை உங்கள் கம்பிச் சட்டத்தில் சிக்கிக்கொள்ளும்.

ஊசித்துளை எழுதியது:

லேப் பக்கத்து ஊரில் ஒன்று இருக்கிறது, திங்கட்கிழமை மாதிரிக்கு நாலு அட்டை கொடுத்துப் பார்க்கிறேன். தச்சன்_மகன், பித்தளைக் குழலை மரத்தில் ஒட்டவா, சும்மா இறுக்கிச் செருகவா?

தச்சன்_மகன் எழுதியது:

ஒட்டவே ஒட்டாதீர்கள். துளையைப் பெரிசாக்கவும் கூடாது. குழல் தானாக நுழைகிற அளவுக்கு அச்சுக்கும் துளைக்கும் நடுவில் இடம் இருந்தால் மட்டும், வெளிப்பக்கம் மெல்லிசாக மெழுகு தடவிக் கையால் தள்ளுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதி அதுவே பிடித்துக்கொள்ளும். இடம் இல்லையென்றால் குழலை விட்டுவிட்டு அச்சுக்கு மெழுகு மட்டும் போதும். எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், மரம் குடித்துவிட்டு அட்டை முழுக்கக் கறையாக்கும்.